ஒரே ரெஸ்யூமே ஓ.எம்.ஆருக்கும் பெர்லினுக்கும் சரிப்படுமா?

பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடி ரேடியல் சாலையின் நடுவே இருக்கிறது கோவிலம்பாக்கம். மேற்கே போனால் ஜி.எஸ்.டி சாலையும் விமான நிலையமும். கிழக்கே போனால் ஓ.எம்.ஆர். மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்தில் இந்த ஊருக்கும் ஒரு நிலையம் வருகிறது. அடுக்குமாடி வீடுகள், பி.ஜி விடுதிகள், தெருவுக்குத் தெரு டூ-வீலர்கள் என்று ஐ.டி வேலையை நம்பி வளர்ந்த புறநகர்களில் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு வாடகை வீட்டிலிருந்து துரைப்பாக்கத்து கம்பெனிக்கு அனுப்பும் ரெஸ்யூமேவுக்கு ஒரு வாரத்தில் போன் வந்துவிடும். அதே ரெஸ்யூமேவை பெர்லினுக்கும் டொரன்டோவுக்கும் சிங்கப்பூருக்கும் மாதக்கணக்கில் அனுப்பினாலும் பெரும்பாலும் பதிலே வராது. உடனே, "எனக்குத் திறமை போதவில்லை போல" என்று மனம் தளர்ந்துபோகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

விசா ஸ்பான்சர் செய்ய விரும்பாத கம்பெனிகள் ஏராளம் என்பது உண்மை. அதை எந்த ரெஸ்யூமேவும் மாற்றாது. ஆனால் ஸ்பான்சர் செய்யத் தயாராக இருக்கும் கம்பெனியிலும் பலருடைய விண்ணப்பம் முதல் பார்வையிலேயே ஒதுங்கிவிடுகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நம் ஊர் மேனேஜருக்குச் சொல்லாமலே புரிகிற விஷயங்கள், அங்கே இருப்பவருக்கு எழுதிக் காட்டினால்தான் புரியும்.

கல்யாண பயோடேட்டா அல்ல

முதலில் நீக்க வேண்டியவற்றைப் பார்க்கலாம். அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா, மதம், நிரந்தர முகவரி, பொழுதுபோக்கு. கடைசியில், "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்று ஒரு வாசகம், இடம், தேதி, கையெழுத்து. கல்லூரி கேம்பஸ் இன்டர்வியூவுக்கு யாரோ ஒரு சீனியர் கொடுத்த மாதிரி, பத்து வருட அனுபவத்துக்குப் பிறகும் பலரிடம் அப்படியே இருக்கிறது. உயரமும் நட்சத்திரமும்தான் பாக்கி!

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் இவற்றை எதிர்பார்ப்பதில்லை. வயது, மதம், திருமண நிலை போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டியதாக வழக்கு வரும் என்ற பயம் அங்கே கம்பெனிகளுக்கு உண்டு. அமெரிக்காவில் 1964-ம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டமும், பிரிட்டனில் 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் இதன் பின்னணியில் இருக்கின்றன. புகைப்படமும் வேண்டாம். "போட்டோ இல்லாமல் எப்படிப்பா வேலை தருவான்?" என்று அம்மா கேட்டால், இதுதான் பதில்.

ஜெர்மனி கொஞ்சம் வித்தியாசம். 2006-ல் வந்த சமநடத்தைச் சட்டத்துக்குப் பிறகு அங்கேயும் போட்டோ கட்டாயமில்லை; ஆனால் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜப்பானோ முற்றிலும் வேறு உலகம். அங்கே 'ரிரேகிஷோ' என்று போட்டோ ஒட்டிய, கட்டம் போட்ட படிவம் ஒன்று. செய்த வேலைகளை விவரிக்கும் 'ஷோகுமு கெய்ரெகிஷோ' என்று இன்னொன்று. பாரம்பரியமான ஜப்பானிய கம்பெனிகள் இரண்டையும் கேட்கும்.

எந்த நாடாக இருந்தாலும் ஆதார், பான், பாஸ்போர்ட் எண்களை ரெஸ்யூமேவில் போடவே கூடாது. அந்தக் காகிதம் எத்தனை கைகள் மாறும் என்பது உங்களுக்குத் தெரியாது.

"நாங்கள் செய்தோம்" சரி, நீங்கள் செய்தது எது?

இதுதான் மையப் பிரச்னை. நம் ஊர் ஐ.டி சர்வீஸ் கம்பெனிகளில் வேலை என்பது 'புராஜெக்ட்'. அதனால் ரெஸ்யூமேவும் புராஜெக்ட்டின் வரலாறாகவே இருக்கிறது. கிளையன்ட் யார், அவர்கள் எந்த நாட்டில் என்ன வியாபாரம் செய்கிறார்கள், குழுவில் எத்தனை பேர் என்று அரைப் பக்கம். அதன்பின் 'ரோல்ஸ் அண்ட் ரெஸ்பான்சிபிலிட்டீஸ்' என்று பத்து வரிகள். படித்து முடித்தவருக்குக் கிளையன்ட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கும். எழுதியவரைப் பற்றித்தான் எதுவும் தெரியாது.

ஒரு டெஸ்டிங் இன்ஜினீயரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ரெஸ்யூமே இப்படிப் போகலாம்: "அமெரிக்க வங்கி ஒன்றின் இணையதள மேம்பாட்டுத் திட்டத்தில் 40 பேர் குழுவில் பணியாற்றினேன். டெஸ்ட் கேஸ் எழுதுதல், குறைகளைப் பதிவு செய்தல், தினசரி கூட்டங்களில் பங்கேற்றல்." இதே வரியை அந்தக் குழுவில் இருந்த மற்ற 39 பேரும் எழுதலாம், பலர் எழுதியும் இருப்பார்கள்.

அதே மனிதர் இப்படியும் எழுதலாம்: "பணப் பரிமாற்றப் பகுதிக்கான 300 சோதனைகளைத் தானாக இயங்கும்படி மாற்றினேன். ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்பு மூன்று நாள் பிடித்த சோதனை, ஐந்து மணி நேரத்தில் முடிந்தது." இப்போது படிப்பவர் அவரைக் கேள்வி கேட்க முடியும். எந்தக் கருவி, ஏன் அது, எந்தச் சோதனையை மாற்ற முடியாமல் விட்டீர்கள்? கேள்வி பிறந்தால்தானே இன்டர்வியூ.

"எனக்கு அப்படிப் பெரிய சாதனை ஒன்றும் இல்லையே" என்பார்கள், குறிப்பாக சப்போர்ட் வேலையில் இருப்பவர்கள். நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் ஏதாவது கிடைக்காமல் போகாது. நீங்கள் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? வாரத்துக்கு எத்தனை டிக்கெட்? இரவு இரண்டு மணிக்கு சிஸ்டம் விழுந்தால் யாருக்கு போன் வருகிறது? எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி இது: நீங்கள் ஒரு வாரம் லீவ் போட்டால், எந்த வேலை அப்படியே நிற்கும்? அந்த வேலையைத்தான் ரெஸ்யூமேவின் முதல் வரியாக்க வேண்டும்.

இந்த எண்களை வேலையில் இருக்கும்போதே குறித்து வைப்பது நல்லது. ராஜினாமா செய்து லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு எல்லாமே உத்தேசமாகிவிடும். கம்பெனியின் ஆவணங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அது வேலைக்கே ஆபத்து. உங்கள் வேலையின் அளவை மட்டும் சொந்த டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். கிளையன்ட் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால், "வட அமெரிக்காவின் பெரிய காப்பீட்டு நிறுவனம்" என்று எழுதினால் போதும்.

எண்ணை எழுதும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. '12 லட்சம் பயனர்கள்' என்பது லண்டனில் இருப்பவருக்குப் புரியாது; 1.2 மில்லியன் என்றால் புரியும். 03/04/2022 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமில்லை. '2018-ல் பாஸ்டு அவுட்' என்பது நம் இங்கிலீஷ். அங்கே அதற்கு, 2018-ல் மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம்!

ஸ்கில் பட்டியலுக்கும் இந்த விதி பொருந்தும். 30 தொழில்நுட்பங்களை அடுக்குவதும், 'ஜாவா 90 சதவிகிதம்' என்று நீலக் கோடு போடுவதும் வீண். எதில் 90 என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மொழிகளுக்கு மட்டும் உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் இருக்கிறது. 'ஜெர்மன் தெரியும்' என்பதற்குப் பதில், நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் எழுதித் தேறிய 'பி1' என்று போட்டால், அங்கே இருப்பவருக்கு உங்களால் எவ்வளவு பேச முடியும் என்பது சட்டென்று விளங்கும்.

பதவிப் பெயரும் இனிஷியலும்

டி.சி.எஸ்ஸில் 'அசிஸ்டென்ட் சிஸ்டம் இன்ஜினீயர்', காக்னிசன்டில் 'புரோகிராமர் அனலிஸ்ட்'. நம் ஊரில் இந்தப் பெயர்களைக் கேட்டாலே எத்தனை வருட அனுபவம் என்று சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டில் 'அசிஸ்டென்ட்' என்றால் உதவியாளர், 'அனலிஸ்ட்' என்றால் கோட் எழுதாதவர் என்று நினைக்க இடமிருக்கிறது. அதற்காகப் பதவிப் பெயரை மாற்றிவிடக் கூடாது. கம்பெனி தரும் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதிகாரபூர்வப் பெயரை எழுதி, பக்கத்திலேயே 'பேக்-எண்ட் டெவலப்பர் பணி' என்று நடைமுறைப் பெயரையும் சேர்ப்பதே சரி.

அடுத்தது தமிழர்களுக்கே உரிய தலைவலி. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ்.கார்த்திகேயன்', டிகிரியில் 'கார்த்திகேயன் எஸ்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்', லிங்க்டுஇன்னில் 'கார்த்திக் சுப்பு'. வீட்டில் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டில் சரிபார்ப்பவருக்கு நான்கு பேர்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதல் பெயருக்கு 'எஃப்.என்.யு' என்று போட்டுவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பிறகு வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே உங்கள் பெயராகிவிடும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் வர அனுமதி இல்லை என்று அறிவித்தது. ஆகவே வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் வந்தவுடனே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் சேர்க்க வேண்டுமானால், ஆஃபர் லெட்டர் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே செய்துவிட வேண்டும். பிறகு ரெஸ்யூமே, லிங்க்டுஇன், மெயில் முகவரி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் பெயரே இருக்கட்டும்.

கல்லூரிப் பெயரிலும் கவனம் தேவை. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் படித்தவரின் பட்டத்தை வழங்குவது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். ரெஸ்யூமேவில் கல்லூரிப் பெயரை மட்டும் போட்டால், ஜெர்மனியின் 'அனாபின்' தரவுத்தளத்தில் தேடுபவருக்கு அது கிடைக்காமல் போகலாம். பட்டம் தந்த பல்கலைக்கழகத்தை முதலிலும் கல்லூரியை அடுத்தும் எழுத வேண்டும். 2007-ல் அண்ணா பல்கலைக்கழகம் பல பல்கலைக்கழகங்களாகப் பிரிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. அந்த இடைவெளியில் படித்தவர்கள் சான்றிதழில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுவது நல்லது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை வெளிநாட்டில் யாரும் கேட்கப்போவதில்லை.

எந்திரம் படிக்குமா, மனிதர் படிப்பாரா?

யூடியூபில் ரெஸ்யூமே வகுப்பு எடுப்பவர்கள் எல்லோரும் பயமுறுத்தும் சொல், 'ஏ.டி.எஸ்'. விண்ணப்பங்களைச் சேகரித்து வரிசைப்படுத்தும் மென்பொருள் அது. அதை ஒரு பூதமாக்கி, 'ஏ.டி.எஸ் ஸ்கோர்' பார்க்கக் காசு வாங்குவது தனித் தொழிலாகிவிட்டது. நடைமுறையில், விண்ணப்பப் படிவத்தில் "விசா ஸ்பான்சர்ஷிப் தேவையா?" என்பது போன்ற கேள்விகளுக்கு நீங்கள் தரும் பதில்தான் பெரும்பாலும் உங்களைத் தானாக வடிகட்டுகிறது. மற்றபடி, அந்த மென்பொருள் தடுமாறாமல் படிக்க இரண்டு பத்தி வடிவமைப்பு, கட்டங்கள், படத்துக்குள் எழுத்து ஆகியவற்றைத் தவிர்த்து, சாதாரண பி.டி.எஃப்-ஆக அனுப்பினால் போதும்.

மனிதர் பார்க்கும் நேரமும் குறைவுதான். அமெரிக்காவின் 'லேடர்ஸ்' என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018-ல் நடத்திய கண் அசைவு ஆய்வில், ரெக்ரூட்டர்களின் முதல் பார்வை சராசரியாக 7.4 விநாடிகளே நீடித்தது. அந்த நேரத்தில் கண்ணில் படுவது முதல் பக்கத்தின் மேல் பாதி. அங்கே 'சவாலான பணிச்சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்' என்ற 'ஆப்ஜெக்டிவ்' வாசகம் உட்கார்ந்திருந்தால், விநாடிகள் வீண். அந்த இடத்தில் எத்தனை வருடம், எந்தத் துறை, எந்தத் தொழில்நுட்பம், எந்த விசா தேவை, எத்தனை நாள் நோட்டீஸ் என்று மூன்று வரிகள் இருக்கட்டும். 90 நாள் நோட்டீஸ் என்பது அமெரிக்கரை அசர வைக்கும். ஆனால் கடைசியில் சொல்வதைவிட முதலிலேயே சொல்வது மேல்.

சாட்ஜிபிடியிடம் இங்கிலீஷைத் திருத்தச் சொல்வதில் தவறில்லை. நீங்கள் தராத எண்ணை அது சேர்த்திருக்கிறதா என்று மட்டும் வரி வரியாகப் பாருங்கள். இன்டர்வியூவில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

குழந்தைக்காகவோ பெற்றோரின் உடல்நலத்துக்காகவோ வேலையை விட்டு இரண்டு, மூன்று வருடம் இடைவெளி விழுந்த பெண்கள் நம் வீடுகளில் நிறைய. அந்த இடைவெளியை மறைக்க, முந்தைய வேலையின் தேதியை நீட்டுவதுதான் மோசமான வழி. "2020 - 2022: குடும்பப் பொறுப்பு" என்று ஒரே வரி போதும். அந்தக் காலத்தில் முடித்த சான்றிதழ் படிப்போ, 'கிட்ஹப்'பில் போட்ட சிறு புராஜெக்ட்டோ இருந்தால் அதன் கீழே சேர்க்கலாம். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

ஒட்டுப்போட்ட அனுபவம்

தேதியை நீட்டுவது சின்னத் தவறு என்றால், பெரிய தவறு ஒன்று இருக்கிறது. இல்லாத கம்பெனியில் மூன்று வருட அனுபவம், அதற்குக் கடிதம், போனில் விசாரித்தால் "ஆமாம், வேலை பார்த்தார்" என்று சொல்ல ஓர் ஆள் என்று மொத்தமாகவே விற்பவர்கள் உண்டு. உள்ளூர் வேலைக்கே இப்போது பி.எஃப் கணக்கின் யு.ஏ.என் பதிவைப் பார்த்து, எங்கே எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்று சரிபார்த்துவிடுகிறார்கள். வெளிநாடு என்றால் இது வேலை போவதோடு நிற்காது. விசா விண்ணப்பத்தில் தவறான தகவல் தந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டால் கனடா 5 ஆண்டு தடை விதிக்கும். பிரிட்டனில் ஏமாற்றியது உறுதியானால் 10 ஆண்டு. அமெரிக்காவில் சலுகை கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க நுழைய முடியாது.

உண்மையான அனுபவம் உள்ளவர்களுக்கும் அதை நிரூபிப்பதில் சிரமம் இருக்கிறது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குத் தரும் கடிதத்தில் நீங்கள் செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஐ.டி தகுதியை மதிப்பிடும் ஏ.சி.எஸ் அமைப்பும் பணி விவரத்தைக் கேட்கிறது. நம் ஊர் ரிலீவிங் லெட்டரிலோ பெயர், பதவி, தேதி, 'வாழ்த்துகள்' என்பதற்குமேல் எதுவும் இருக்காது. கம்பெனியை விட்டு விலகும் முன்பே மேனேஜரிடம் பேசிப் பணி விவரத்தோடு ஒரு கடிதம் வாங்க முயல வேண்டும். ஹெச்.ஆர் மறுத்தால், உடன் பணியாற்றியவரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் சம்பளச் சீட்டுகளையும் தயார் செய்யலாம். அந்தக் கடிதத்தில் இருப்பதும் ரெஸ்யூமேவில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியில் இதற்கு இன்னும் மதிப்பு கூடியிருக்கிறது. 2023 நவம்பரில் வந்த மாற்றத்தின்படி, ஐ.டி துறையினருக்குப் பட்டம் இல்லாவிட்டாலும், கடந்த 7 ஆண்டுகளில் பட்டதாரி நிலைக்கு இணையான 3 ஆண்டு அனுபவத்தை நிரூபித்தால் 'ப்ளூ கார்டு' கிடைக்கும். சம்பள வரம்பு 2025-ல் ஆண்டுக்குச் சுமார் 43,760 யூரோ. டிப்ளமோ முடித்து வேலையிலேயே கற்று மேலே வந்தவர்களுக்கு இது பெரிய வாசல். அமெரிக்க வாசல் இதற்கு நேர்மாறாகச் சுருங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 21-க்குப் பிறகு, அந்நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடப்படும் புதிய ஹெச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவிப்பு வந்துவிட்டது. அமெரிக்காவை மட்டுமே குறிவைத்து ரெஸ்யூமே எழுதியவர்கள் மற்ற நாடுகளையும் பார்க்கத் தொடங்கியிருப்பதில் வியப்பில்லை.

ரெஸ்யூமேவைத் தேடி வரும் ஆபத்து

நன்றாக எழுதி இணையத்தில் ஏற்றிய ரெஸ்யூமே, நல்லவர்கள் கண்ணில் மட்டும் படுவதில்லை. "உங்கள் ப்ரொஃபைல் தேர்வாகிவிட்டது, தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, டிக்கெட்டும் நாங்களே" என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதியில் அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கும்பல்களிடம் தமிழக இளைஞர்களும் சிக்கினார்கள். ஐ.டி தெரிந்த இளைஞர்களையே குறிவைக்கிறார்கள் என்று மத்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் வெளிப்படையாக எச்சரித்தது. இன்டர்வியூவில் தொழில்நுட்பக் கேள்வி ஒன்றுகூட இல்லை, டைப்பிங் வேகத்தை மட்டும் கேட்டார்கள், டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்கிறார்கள் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

ஏஜென்ட் மூலம் போவதாக இருந்தால், அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. கிண்டியில் அலுவலகம், கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

பிரிட்டன் கம்பெனி என்று சொன்னால், விசா ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்த அரசு தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. நெதர்லாந்தும் அப்படியே. ரெஸ்யூமேவை அனுப்பும் முன்பு அந்தப் பட்டியலில் கம்பெனியின் பெயரைத் தேட இரண்டு நிமிடம் ஆகும். பிரிட்டன் கம்பெனியின் பெயர் அதில் இல்லையென்றால், இப்போதைக்கு அந்த கம்பெனியால் வேலை விசா ஸ்பான்சர் செய்ய முடியாது.